78 வயது அப்பத்தாவுக்குக் காது பேலன்ஸ் டெஸ்ட் தேவையா?

கேள்வி இதுதான். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டில், சமையலுக்கு வரும் ஒரு பெண்ணின் துணையோடு இருக்கிறார் 78 வயது அப்பத்தா. ஆறு மாதமாக நடை தள்ளாடுகிறது. ஒருமுறை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், விழுந்து மணிக்கட்டு வீங்கியது. காரைக்குடியில் காட்டியபோது கிறுகிறுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மதுரையில் காது டாக்டர் வி.எச்.ஐ.டி. (தலையைத் திருப்பிக் கண்ணைப் பார்ப்பது), கலோரிக் (காதில் தண்ணீர் விடுவது), வெம்ப் (காதில் சத்தம் கொடுத்துத் தசையைப் பார்ப்பது) என்று மூன்று டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வயதில் தலையை வெடுக்கென்று திருப்பலாமா, காதில் தண்ணீர் விடலாமா, அப்படிச் செய்து தெரிந்துகொண்டுதான் என்ன ஆகப்போகிறது, போவதென்றால் அன்றைக்கு என்னென்ன கவனிக்க வேண்டும் என்று பேரன் கேட்டிருக்கிறார்.

நான் தேவகோட்டைக்காரன். இருபது வருடத்துக்கு மேலாக ஆடியாலஜிஸ்ட், அதாவது காதுப் பரிசோதகர் வேலை. இந்த மூன்று டெஸ்டையும் கையால் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: செய்யலாம், பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. ஆனால் நான்காவதாக ஒரு டெஸ்ட் இருக்கிறது. அதற்கு மிஷின் வேண்டாம், கட்டில் போதும். அது முதலில் நடந்ததா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் மற்ற மூன்றும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அதற்கு முன்னால், இந்த டெஸ்டுகள் எதைப் பார்க்கின்றன என்று உங்களுக்கே ஒரு நிமிடத்தில் புரிய வைக்கலாம். செய்தித்தாளை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை "இல்லை இல்லை" என்று வேகமாக ஆட்டியபடி படியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும். இப்போது தலையை அசைக்காமல், அதே வேகத்தில் தாளை ஆட்டிப் படியுங்கள். ஒன்றும் தெரியாது, மசமசவென்று இருக்கும். ஆட்டம் ஒன்றுதான், கண்ணும் அதே கண்தான். வித்தியாசம் காதில் இருக்கிறது. தலை ஆடினால் உட்செவி அதை உணர்ந்து, கண்ணை எதிர்ப்பக்கம் அதே அளவுக்குத் தள்ளிவிடுகிறது. காதிலிருந்து கண் தசை வரைக்கும் இந்தச் செய்தியைக் கைமாற்றுவது முக்கியமாக மூன்றே மூன்று நரம்பணுக்கள். ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும். தாள் ஆடும்போது காதுக்குச் செய்தியே இல்லை. கண் பார்த்து, மூளை புரிந்து, பிறகு தொடர வேண்டும். அதற்குப் பத்து மடங்கு நேரம் ஆகிறது.

இதுதான் பேலன்ஸ் அனிச்சைச் செயல். நாம் அதை நினைப்பதே இல்லை. அது போன பிறகுதான் தெரியும்: நடந்தால் எதிரே வருபவர் முகம் ஆடும், பஸ் போர்டு குதிக்கும், நின்றால் சரியாகிவிடும்.

ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை சுழல்வதை உணர்பவை இவை. அடியில் இரண்டு பைகள். சாய்வதையும், நேர்கோட்டில் நகர்வதையும், புவியீர்ப்பையும் உணர்பவை அவை. பைகளுக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய சுவரில் முகம் பார்த்த வீட்டுக்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் காதுக்குள்ளும் கிட்டத்தட்ட அதே சுண்ணாம்புதான். வயதாக ஆக, உணரும் மயிரணுக்கள் குறைகின்றன, நரம்பிழைகள் குறைகின்றன, துகள்களும் உதிர்கின்றன. ஆச்சரியம் என்னவென்றால், கண்ணைத் தள்ளும் அந்த அனிச்சைச் செயல் மட்டும் எழுபதுகளின் கடைசி வரை பெரும்பாலோருக்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. எண்பதைத் தாண்டும்போதுதான் சராசரி இறங்குகிறது. அதனால் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று 78 வயதுக்காரரை அனுப்பிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சமநிலைக்குக் காது மட்டும் பொறுப்பில்லை. கண், பாதம், காது என்று மூன்று பேர் சேர்ந்து தூக்குகிற சுமை. ஒருவர் தளர்ந்தால் மற்ற இருவர் சமாளிப்பார்கள். உங்கள் அப்பத்தா எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுந்தார் என்று கேட்டீர்களா? எனக்கு அது டெஸ்ட் ரிப்போர்ட்டைவிட முக்கியம். நம் பக்கத்து வீடுகள் முதியவர்களின் காதுக்குத் தினமும் பரீட்சை வைக்கிற வீடுகள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நிலைக்கு நிலை தாண்டிப் போக வேண்டும். வெயிலடிக்கும் முற்றத்தைப் பார்த்துவிட்டு இருட்டு அறைக்குள் நுழைந்தால் அரை நிமிடம் கண் தெரியாது. தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படி ஒரே நிறக் கல், விளிம்பு தெரியாது. ஆத்தங்குடிக் கல் ஈரமானால் பாதத்துக்குப் பிடிப்பில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால், விடியற்காலை மங்கலில் கண்ணும் உதவாதபோது, மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். அந்த நேரத்தில் மட்டும் தள்ளாடுகிறார் என்றால் காதைச் சந்தேகிக்கலாம். வெளிச்சத்திலும் சமதளத்திலும் அதே தள்ளாட்டம் என்றால் முழங்காலையும் நரம்பையும் மூளையையும்கூடப் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, அந்தக் கட்டில் டெஸ்டுக்கு வருகிறேன்.

மூன்று வருடம் முன்பு பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கையில் ஒரு பை நிறைய ஸ்கேன். தலைச் சுற்றலா ஆச்சி என்றால், "சுத்தலெல்லாம் இல்லை, ஒரு மாதிரி அந்தரத்துல நடக்குற மாதிரி இருக்கு" என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு விஷயம் விழுந்தது. கொடியில் துணி போட அண்ணாந்தால் பயமாக இருக்கிறது, பரணில் இருக்கும் எனாமல் சட்டியை நிமிர்ந்து பார்ப்பதில்லை, ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டு ஒரு வருடம் ஆகிறது. ஏன் விட்டீர்கள்? "என்னமோ ஒத்துக்கல."

கட்டிலில் நீளவாக்கில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, தாங்கிப் பிடித்தபடி பின்னால் படுக்க வைத்தேன். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும்வரை ஒன்றுமில்லை. ஐந்தாவது வினாடியில் கண் மேல்நோக்கிச் சுழன்று துடிக்க ஆரம்பித்தது. ஆச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இருபது வினாடியில் தானாக அடங்கியது. பையில் இருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் துகள் பின்புறக் குழலுக்குள் விழுந்து உருண்டுகொண்டிருந்திருக்கிறது. அங்கேயே தலையை நான்கு நிலைகளில் மெதுவாகத் திருப்பி, துகளை வந்த இடத்துக்கே வழிந்துபோகச் செய்தேன். எப்லி முறை என்று பெயர். அடுத்த வாரம் ஒருமுறை திரும்பச் செய்தோம். அவ்வளவுதான். அந்தப் பையில் இருந்த ஸ்கேன் எதுவும் இதைக் காட்டியிருக்காது, ஏனென்றால் துகள் ஸ்கேனில் தெரியாது.

படுக்க வைக்கும் இந்தப் பரிசோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் எழுதி வைத்தார்கள். எழுபது வருடம் கழித்தும் எத்தனையோ முதியவர்களுக்கு இது செய்யப்படுவதே இல்லை. வயதானவர்கள் "சுற்றுகிறது" என்று சொல்லாமல் "தள்ளாட்டம்" என்று மட்டும் சொல்வது ஒரு காரணம். 2000-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் கிளினிக்குக்கு வேறு வேறு காரணங்களுக்காக வந்த 100 பேரைப் படுக்க வைத்துப் பார்த்தபோது 9 பேருக்கு யாரும் கண்டுபிடிக்காத இந்தத் துகள் தொந்தரவு இருந்தது. கழுத்து வளையாதவர்களுக்கும் கூனல் விழுந்தவர்களுக்கும் தலையைத் தொங்கவிட வேண்டியதில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தும் அதே தகவலை எடுக்கலாம்.

கூடவே இன்னொன்று. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது வேறு கதை, பிரஷர் மாத்திரையை டாக்டர் திருத்த வேண்டியிருக்கும். இதற்கு ஐந்து நிமிடம் போதும், கழுத்தையும் தொட வேண்டியதில்லை. இரண்டும் முடிந்து காரணம் கிடைக்காவிட்டால் மிஷினுக்குப் போகலாம்.

உங்களைப் பயமுறுத்தியது வி.எச்.ஐ.டி. என்று நினைக்கிறேன். "தலையை வெடுக்கென்று திருப்புவார்கள்" என்றதும் எல்லோருக்கும் சலூனில் கழுத்தைச் சொடக்கெடுப்பது நினைவுக்கு வருகிறது. அது இல்லை இது. சொடக்கெடுப்பது கழுத்தை அதன் எல்லைக்குக் கொண்டுபோய் ஒடிப்பது. இங்கே தலை நகர்வது 10 முதல் 20 டிகிரிதான். பக்கத்து நாற்காலியில் யாரோ கூப்பிட்டால் திரும்பும் அளவுகூட இல்லை. தூரம் சிறியது, வேகம்தான் பெரியது.

சிட்னியில் ஹால்மாகி, கர்தாய்ஸ் என்ற இருவர் 1988-இல் இதை முதலில் எழுதியபோது மிஷினே கிடையாது. நோயாளி மருத்துவரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவர் தலையை இரு கையாலும் பிடித்து, எதிர்பாராத நேரத்தில் சட்டென்று ஒரு பக்கம் திருப்புவார். காது நன்றாக இருந்தால் கண் மூக்கை விட்டு விலகாது. காது செத்திருந்தால் கண்ணும் தலையோடு போய்விடும், பிறகு "அடடா" என்று மூக்குக்குத் தாவித் திரும்பும். அந்தத் தாவல்தான் அடையாளம். ஆனால் சிலருக்கு மூளை கெட்டிக்காரத்தனம் செய்யும். தலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் தாவ வைத்துவிடும், வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அதைப் பிடிக்கத்தான் கேமரா வைத்த கண்ணாடி, அதாவது வீடியோ. வினாடிக்கு 250 படம்போல எடுக்கும்.

என் அறையில் இது நடக்கும் விதம் இப்படி. சுவரில் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு பொட்டு. ஆச்சிக்கு நீச்சல் கண்ணாடி மாதிரி ஒன்றை மாட்டி, பின்னால் பட்டையை இறுக்குவேன். முதல் பிரச்சினையே அந்தப் பட்டைதான். கொண்டை மேல் மாட்டினால் பட்டை நழுவும். பட்டை நழுவினால் கண்ணாடி ஆடும், கண்ணாடி ஆடினால் கண் ஆடியதாகக் கேமரா எழுதிக்கொள்ளும். "ஆச்சி, கொண்டையைக் கொஞ்சம் அவிழ்த்துக்கிருவோமா?" என்று கேட்பேன். சிலருக்குச் சங்கடம். அதனால் அறையில் ஆண்கள் யாரும் இருந்தால் வெளியே அனுப்பிவிட்டு, உதவிக்கு வந்த பெண்ணைக் கட்டிவிடச் சொல்வேன். இரண்டாவது, கண்ணிமை. வயதானவர்களுக்கு மேல் இமை தொங்கிக் கண் பாப்பாவை மறைக்கும். காகிதப் பிளாஸ்திரி ஒரு துண்டை ஒட்டி மேலே தூக்கிவிட வேண்டும். மூன்றாவது, கண்புரை அறுவை. பெரும்பாலும் தொந்தரவில்லை, ஆனால் பாப்பா வட்டமாக இல்லாமல் கோணலாகிவிட்டிருந்தால் கேமரா தடுமாறும். கண்ணில் மை வேண்டாம் என்று சொல்வதும் இதற்குத்தான். கேமரா கருப்பாக இருப்பதையெல்லாம் பாப்பா என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம் கழுத்து. பயத்தில் விறைத்துக்கொண்டால் வேகம் வராது. வினாடிக்கு 150 டிகிரி வேகமாவது வந்தால்தான் பதிவுக்கு மதிப்பு. முதலில் மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்து, "தலையை என் கையில விட்டுருங்க, நீங்க பொட்டை மட்டும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். முதியவர்களுக்குத் தலையைப் பக்கத்தில் கொஞ்சம் திருப்பி வைத்து, அங்கிருந்து நடுவுக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடித்த முறை. கழுத்து எந்த நேரத்திலும் எல்லையை நெருங்காது. பக்கத்துக்குப் பத்திருபது நல்ல பதிவு கிடைத்தால் நிறுத்திவிடலாம். மேல், கீழ்க் குழல்களுக்கான கோண அசைவுகளைக் கழுத்து இறுகியவர்களுக்கு நான் வற்புறுத்துவதில்லை. தப்பான நான்கு எண்ணைவிடச் சரியான இரண்டு எண் மேல்.

யாருக்கு வேண்டாம் என்பதும் சொல்ல வேண்டும். கழுத்தெலும்பு அறுவை சமீபத்தில் நடந்தவர்கள், முடக்குவாதம் கழுத்தைத் தாக்கியவர்கள், தண்டுவடம் அழுத்தப்பட்டிருப்பதாக ஸ்கேனில் வந்தவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் கிழிசல் ஏற்பட்டவர்கள், விழித்திரை விலகிச் சிகிச்சை எடுத்தவர்கள். இவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெறும் கழுத்து வலி தடையில்லை.

ரிப்போர்ட்டில் 'கெயின்' என்று ஒரு எண் வரும். தலை வலப்பக்கம் வினாடிக்கு 200 டிகிரி வேகத்தில் போனபோது கண் இடப்பக்கம் 200 டிகிரி வேகத்தில் போனால் கெயின் 1. கண் 100 டிகிரிதான் போனது என்றால் 0.5. பக்கவாட்டுக் குழலுக்குப் பொதுவாக 0.8-க்குக் கீழே போனால் கவனிப்போம். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். 1.3 என்று வந்திருந்தால் காது அபாரம் என்று பொருளில்லை, பெரும்பாலும் கண்ணாடி நழுவியிருக்கிறது. கோடுகள் எப்படி இருக்கின்றன, தாவல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் படித்திருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: எழுபதைத் தாண்டியவர்களில் கெயின் நன்றாக இருந்தும் குட்டிக் குட்டித் தாவல்கள் தெரிவது சகஜம். இளைஞருக்குரிய அளவுகோலை வைத்து அதை நோய் என்று எழுதிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூப்பால் இரண்டு காதின் பேலன்ஸும் சேர்ந்து மங்குவதற்குத் தனி வரையறையே இருக்கிறது. பாராணி சங்கம் என்ற உலக அமைப்பு 2019-இல் வகுத்தது: வயது 60 அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொந்தரவு, இரு பக்கமும் லேசான குறைவு. வி.எச்.ஐ.டி.யில் என்றால் கெயின் 0.6-க்கும் 0.83-க்கும் நடுவே. 0.6-க்கும் கீழே இரு பக்கமும் போனால் அது மூப்பு இல்லை, இரு காதிலும் பேலன்ஸ் இழப்பு. அப்போது காரணம் தேட வேண்டும். நான் முதலில் கேட்பது, எப்போதாவது ஆஸ்பத்திரியில் பல நாள் ஜென்டாமைசின் ஊசி போட்டார்களா என்பது. அந்த மருந்து கேட்கும் திறனை விட்டுவிட்டுப் பேலன்ஸை மட்டும் கொண்டுபோகும் வழக்கம் உடையது. பழைய டிஸ்சார்ஜ் காகிதங்களைத் தேடி எடுத்துப் போங்கள் என்று சொல்வது அதனால்தான்.

அந்தச் சங்கத்தின் பெயருக்குரிய ராபர்ட் பாராணி வியன்னாக்காரர். காதைக் கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் மறுபக்கமும் கண் துடிப்பதைக் கவனித்து, அதையே டெஸ்டாக ஆக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். கலோரிக் டெஸ்ட் இன்றைக்கும் ஏறக்குறைய அதுதான். உடல் சூட்டைவிட 7 டிகிரி குறைவாக 30 டிகிரி, 7 டிகிரி அதிகமாக 44 டிகிரி, இந்த இரண்டு சூட்டிலும் ஒவ்வொரு காதிலும் அரை நிமிடம்போலத் தண்ணீர், அல்லது அதற்கேற்ற சூட்டில் காற்று. மொத்தம் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நிமிடம் சுற்றும், அடங்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் கூடாது, காற்றுதான். காதுக் குறும்பி அடைத்திருந்தால் முதலில் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சூடு உள்ளே போகாது, நல்ல காதும் செத்த காதாக ரிப்போர்ட்டில் வரும்.

சுற்றும்போது கண் கட்டிய மாதிரி இருட்டுக் கண்ணாடிக்குள் படுத்திருப்பவர் அரைத் தூக்கத்தில் இருந்தால் கண் துடிப்பு அடங்கிப்போகும். மனம் விழிப்பாக இருக்க ஏதாவது சொல்லச் சொல்வோம். மற்ற ஊரில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறார்கள். நான் நம் பக்கத்து ஆச்சிமாரிடம் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவிலையும் சொல்லச் சொல்வேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம் என்று வேகமாக வரும். இலுப்பைக்குடியில் கொஞ்சம் தயங்கி, சூரக்குடி சொல்லி, வேலங்குடிக்கு வருவதற்குள் சுற்றல் உச்சத்தைத் தொட்டிருக்கும். "வேலங்குடி, வேலங்குடி, நிறுத்துய்யா" என்று ஒருவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. கோவில் பழக்கமில்லாதவர்களிடம் பேரன் பேத்தி பெயரை மூத்ததிலிருந்து கேட்கலாம்.

இது கொஞ்சம் சிரமமான டெஸ்ட்தான், ஒளிக்கவில்லை. ஆனால் வி.எச்.ஐ.டி.யில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: மறு காதைத் தொடாமல் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகக் கேள்வி கேட்கலாம். இரு காதின் பலத்துக்கும் நடுவே 25 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு பக்கம் பலவீனம் என்போம். இன்னொரு விஷயம், தண்ணீர்ச் சூடு ஏற்படுத்துவது மிக மிக மெதுவான தூண்டல், வி.எச்.ஐ.டி. கொடுப்பது வேகமான தூண்டல். அதனால் ஒன்று சரி, ஒன்று தப்பு என்று ரிப்போர்ட் வந்தால் டெஸ்ட் செய்தவரைத் திட்ட வேண்டாம். மெனியர் என்ற உட்செவி நோயில் கலோரிக் குறைந்தும் வி.எச்.ஐ.டி. நன்றாகவும் வருவது பலமுறை பார்க்கிற காட்சி. எல்லோருக்கும் இரண்டும் தேவை என்று நான் நினைக்கவில்லை. உங்கள் அப்பத்தாவுக்கு வி.எச்.ஐ.டி.யில் இரு பக்கமும் தெளிவாகக் குறைந்திருந்தால், மறுபடி நான்கு முறை தண்ணீர் விட்டு அவரை வாட்டுவதில் என்ன லாபம் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வெம்ப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காதில் 500 ஹெர்ட்ஸ் சத்தத்தைப் பலமாகத் தட்டித் தட்டிக் கொடுத்து, கழுத்துத் தசையிலும் கண்ணுக்குக் கீழேயும் ஒட்டிய மின்வாய்களில் பதில் வருகிறதா என்று பார்ப்பது. குழல்களுக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டு பைகளைப் பற்றித் தகவல் தரும். சிக்கல் என்னவென்றால், கழுத்துத் தசை இறுகினால்தான் அங்கே பதில் வரும், படுத்த நிலையில் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க 78 வயதில் எத்தனை பேரால் முடியும்? கேட்கும் பாதையில் அடைப்பு இருந்தாலும் பதில் போய்விடும். அறுபதுக்குப் பிறகு நோயே இல்லாமலும் பதில் சிறுத்து, சிலருக்கு இல்லாமலே போகிறது. இரு பக்கமும் "பதில் இல்லை" என்று வந்தால் முதியவர் விஷயத்தில் நான் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லை என்றால்தான் யோசிப்பேன். மூன்றில் ஒன்றைக் குறைக்கச் சொன்னால் இதைத்தான் குறைப்பேன்.

செலவே இல்லாத ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்: தடித்த ஸ்பஞ்சு மெத்தைத் துண்டின் மேல், கண்ணை மூடி, 30 வினாடி நிற்க முடிகிறதா என்று பார்ப்பது. தரையின் செய்தியும் கண்ணின் செய்தியும் போய்விட்டால் காது மட்டும்தான் தாங்க வேண்டும். விடியற்காலை வளவுதான் அது, பிடிக்க ஆள் நிற்கும் வளவு. இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. விழுந்தால் இடுப்பெலும்பு.

மாத்திரை விஷயம். கிறுகிறுப்பு மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்வது பல வகை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் வகைகள் கடும் சுற்றலுக்கு இரண்டு மூன்று நாள் நல்ல மருந்து. மாதக்கணக்கில் முதியவர் சாப்பிட்டால் கதை வேறு: மந்தம், கை நடுக்கம், விறைப்பு, பார்க்கின்சன் நோய் மாதிரியே நடை. அதுவே விழுவதற்குக் காரணமாகிவிடும். காது இழந்ததை மூளை ஈடுகட்டிக் கற்றுக்கொள்வதையும் இவை தாமதப்படுத்தும். டெஸ்டையும் கெடுக்கும், முக்கியமாகக் கலோரிக்கை. இவற்றை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டெஸ்டுக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பொதுவாக ஒன்றிரண்டு நாள் சொல்வார்கள். பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரைகளை இதற்காக நிறுத்தவே கூடாது. தூக்க மாத்திரையைப் பல நாளாகச் சாப்பிடுகிறவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, அதை டாக்டர் சொல்லட்டும்.

எப்போது இந்த டெஸ்ட் எதற்கும் காத்திருக்கக் கூடாது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று ஆரம்பித்து விடாமல் மணிக்கணக்கில் சுற்றுகிறது, பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது, முகம் கோணுகிறது, இதுவரை இல்லாத தலைவலி, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இங்கே தலைகீழான ஒரு செய்தியும் உண்டு. விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தலை திருப்பும் டெஸ்ட் நார்மலாக இருந்தால் அது நல்ல செய்தி இல்லை. காது நன்றாக இருக்கிறது, அப்படியானால் மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம் என்று அர்த்தம்.

தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். துகள் என்றால் ஐந்து நிமிடத்தில் தலையைத் திருப்பிச் சரிசெய்யலாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதை நிரப்புவது திரும்ப வராமல் தடுக்க உதவுகிறது. ஒரு பக்கமோ இரு பக்கமோ மங்கியிருந்தால் மாத்திரையை நிறுத்திப் பயிற்சிக்குப் போக வேண்டும். வளவுத் தூணில் கண் மட்டத்தில் ஒரு காகிதத்தில் "அ" எழுதி ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் ஆட்டுவது முதல் பாடம். எழுத்து மங்காத வேகத்தில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்கு ஒரு நிமிடம். முதல் வாரம் தலை கனக்கும், திட்டுவார், விட்டுவிடாதீர்கள். எல்லாம் நார்மல் என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான். காதை விட்டுவிட்டு முழங்கால், பாத நரம்பு, கண், பிரஷர் என்று தேடலாம். முற்றத்துப் படி விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டவும், நிலைப்படிகளின் அருகே இரவு விளக்குப் போடவும் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

போகிற நாளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காலை நேரமாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும், சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றில் போகவே கூடாது. தினமும் போடும் கண்ணாடி, காது மிஷின் இருந்தால் அது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில். முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோ தளர்ந்த உடையோ இருந்தால் வெம்ப் மின்வாய் ஒட்ட வசதி. கலோரிக் இருந்தால் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள், முதலில் வைத்தால் மற்றதற்கு ஒத்துழைக்கத் தெம்பு இருக்காது. முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மேலூர், திருப்பத்தூர் வழியாகத் திரும்பும்போது வண்டியில் முன் சீட்டில் உட்கார வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் கையில் இருக்கட்டும்.